பாமாலை, கீர்த்தனை, ட்ரம்ஸ் செட்: ஒரு 500 வருடச் சண்டை

எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரு சண்டை ஓடுகிறது. காலை முதல் ஆராதனைக்கு ட்ரம்ஸ் செட் வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்பவர்கள் பாமாலையின் (ஐரோப்பிய மெட்டில் தமிழில் பாடும் பழைய ஞானப்பாட்டுப் புத்தகம்) பரிசுத்தம் கெட்டுப்போகும் என்கிறார்கள். வேண்டும் என்பவர்கள் பைபிளில் சங்கீதங்கள் என்று இருக்கும் துதிப் பாட்டுகளில் 150-ஆவதை எடுத்து ஒட்டுகிறார்கள் (அதில் தம்புரு, கைத்தாளம், நடனம் எல்லாம் வருவதால் இந்த மாதிரிச் சண்டையில் அதுதான் எப்போதும் பிரம்மாஸ்திரம்). நடுவில் யாரோ ஒரு அங்கிள் சம்பந்தமே இல்லாமல் குட் மார்னிங் ரோஜாப்பூ போடுகிறார். பல வருடம் கொயரில் டெனர் பாடியவன் என்பதால் இரண்டு பக்கமும் என்னிடம் தனியாகப் பேசுகிறார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறேன்.

ஆனால் உட்கார்ந்து கொஞ்சம் படித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. கிறிஸ்தவத்தில் யார் சபையைச் சீர்திருத்தக் கிளம்பினாலும் சீக்கிரமே பாட்டில் கை வைத்துவிடுகிறார்கள். வெளியில் பார்க்க அது ராகத்தைப் பற்றிய, வாத்தியத்தைப் பற்றிய சண்டையாக இருக்கும். உள்ளே போனால் கோவிலில் வாயைத் திறக்க யாருக்கு உரிமை என்பதுதான் விஷயம். ஒரு கூட்டத்துக்குப் பாட்டு கிடைக்கும், கூடவே இன்னொரு கூட்டத்தின் கையில் இருந்தது பிடுங்கப்படும். இரண்டும் ஒரே ஆளின் வேலையாக இருக்கும், அதுவும் நல்ல எண்ணத்தோடு.

பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கப்பன் ரோட்டில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ், சிவாஜிநகரில் மரியன்னை பசிலிக்கா, குக் டவுனில் என்.பி.சி.எல்.சி. என்ற கத்தோலிக்க வழிபாட்டு மையம், லிங்கராஜபுரத்திலும் மர்ஃபி டவுனிலும் கடைகளுக்கு மேலே மாடியில் நடக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் என்று இந்த வரலாறு முழுவதையும் ஒரு ஆட்டோ சவாரிக்குள் பார்த்துவிடலாம்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்தே தொடங்குகிறேன். ஆலயம் திறந்தது 1866-ல். உள்ளே இருக்கும் பைப் ஆர்கன், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் செய்தது, 1881-ல் வந்தது. நடுவில் 15 வருடம். பணம் சேரவே அவ்வளவு நாள் ஆகியிருக்கலாம், ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்னால் பணம் கொட்டிக் கிடந்திருந்தாலும் அந்த சபை ஆர்கன் வைத்திருக்க முடியாது. அதைக் கட்டிய ஸ்காட்லாந்து பிரஸ்பிடேரியன் சபைப் பிரிவினருக்கு அன்றெல்லாம் ஆராதனையில் வாத்தியமே ஆகாது. 1807-ல் கிளாஸ்கோவில், அதுவும் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற பெயருள்ள ஆலயத்திலேயே, ஒரு போதகர் ஆர்கன் வாசிக்க விட்டார் என்று பெரிய ரகளையாகி, மேலிடம் அதை நிறுத்தி வைத்தது. 1860களில்தான் எடின்பரோவில் ஒரு போதகர் முதலில் ஹார்மோனியம், பிறகு ஆர்கன் என்று பிடிவாதமாகக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டார். நாம் இன்றைக்கு 'பழைய, பக்தியான, முறையான' வாத்தியம் என்று மரியாதை செய்யும் ஆர்கன், அந்தச் சபைக்கு அன்றைய ட்ரம்ஸ் செட்.

அந்தக் கெடுபிடி, 16-ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் சபையைச் சீர்திருத்திய கால்வினிடமிருந்து வந்தது. கோவிலில் சங்கீதங்களை மட்டும் பாடு, எல்லாரும் ஒரே குரலில் பாடு, வாத்தியம் வேண்டாம் என்பது அவர் கட்டளை. 1562-ல் 150 சங்கீதங்களும் பிரெஞ்சு மொழியில் மெட்டோடு ஜெனீவாவில் முழுப் புத்தகமாக வந்தன. கேட்க வறட்சியாக இருக்கிறது, ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பூசையில் பாடியது குருமாரும் பயிற்சி பெற்ற பாடகர்களும். லத்தீனில், நாலு குரல் ஐந்து குரலாகப் பின்னிப் பின்னி. சபையார் நின்று கேட்டார்கள். கால்வின் அந்த அழகை எல்லாம் தூக்கி வெளியே போட்டுவிட்டு மிச்சமிருந்த ஒற்றை மெட்டை செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்காரப் பெண்ணிடமும் கொடுத்தார். (வீட்டில் நாலு குரலில் பாடிக்கொள்ளத் தடை இல்லை. கட்டுப்பாடு கோவிலுக்குள்தான்.)

அவருக்கு முன்னாலேயே சூரிச்சில் ஸ்விங்லி என்ற சீர்திருத்தக்காரர் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்களிலேயே நல்ல வாத்தியக்காரர் அவர்தான், பல வாத்தியம் வாசிப்பார். அவர் தலைமையில் சூரிச் ஆலயங்களில் பாட்டே நின்றது. 1527-ல் பெரிய ஆலயத்து ஆர்கனைப் பிரித்துப் போட்டார்கள். மறுபடி சபை பாட ஆரம்பித்தது 1598-ல். இசை தெரியாதவன் தடை போட்டால் புரிகிறது. இசையின் பிடி எவ்வளவு பலமானது என்று தெரிந்தவர் போட்ட தடை இது, அதனால்தான் அவ்வளவு கடுமை என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் இந்தச் சீர்திருத்தத்தையே தொடங்கிவைத்த லூதர் வேறு மாதிரி. லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார், பாட்டுக் கட்டுவார், எல்லாரும் பாடட்டும், வாத்தியமும் இருக்கட்டும் என்பார். முதல் லூத்தரன் பாட்டுப் புத்தகம் 1524-ல் வந்தது, மொத்தமே எட்டுப் பாட்டு, அதில் நாலு அவருடையது. தமிழனுக்குப் பாமாலை வந்த வழி அங்கேதான் தொடங்குகிறது, ஆனால் நேராக வரவில்லை. நடுவில் இன்னொரு சீர்திருத்தம் இருக்கிறது.

லூதருக்கு நூற்றைம்பது வருடம் கழித்து, அவர் சபையும் சட்டம் பேசும் சபையாகக் காய்ந்துபோய்விட்டது என்று சொல்லி பியட்டிஸ்டுகள் கிளம்பினார்கள். மனதுக்குள் உணர்ந்த பக்தி வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஜெர்மனியில் ஹாலே என்ற ஊர் அவர்களுடைய கோட்டை. 1704-ல் அங்கே ஒரு பாட்டுப் புத்தகம் வந்தது, புது மெட்டுகளோடு, மூன்று அடித் தாளத்தில் துள்ளிக்கொண்டு. விட்டன்பர்க் இறையியல் பேராசிரியர்கள், லூதரே பாடம் நடத்திய அதே விட்டன்பர்க்காரர்கள், 1716-ல் இதெல்லாம் குதித்துக் குதித்து ஆடும் மெட்டு, கோவிலுக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் போன வாரம் வந்த ஒரு நீளமான மெசேஜுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்த ஹாலே காற்றில் வளர்ந்த மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சாவும் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்க் சீக்கிரமே தமிழ் படித்து, அச்சகம் போட்டு, புதிய ஏற்பாட்டோடு ஜெர்மன் பாட்டுகளையும் தமிழில் கொண்டுவந்தார். 1740-ல் வந்த ஃபப்ரிசியஸ் அதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். அவர் கை வைத்த ஞானப்பாட்டுகள் இன்றும் பாமாலையில் இருக்கின்றன.

பாமாலை பாடாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மன் மெட்டில் ஒரு எழுத்துக்கு ஒரு அடி. நம் மொழியில் குறில் குறில்தான், நெடில் நெடில்தான். மெட்டு அதையெல்லாம் பார்க்காது. 'கடலில்' என்று வந்தால் க, ட, லில் என்று மூன்றையும் ஒரே அளவில் இழுத்து நிறுத்த வேண்டும். மூச்சு வாங்கும் இடம் பல சமயம் சொல்லின் நடுவில் வந்து விழும். யாப்பு படித்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் இருநூறு பேர் சேர்ந்து இழுக்கும்போது இந்தச் சீரான நடையே அதற்குப் பலம், யாருக்கும் சுரஞானம் தேவையில்லை, பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். கே.ஜி.எஃப்.பில் இருந்து வந்த எங்கள் ஆயாவுக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும். தூணில் மாட்டியிருக்கும் மரப்பலகையில் எண் அட்டையைச் செருகுவார்கள், அதைப் பார்த்ததும் ஆயா ஆர்கன் ஆரம்பிக்கும் முன்னாலேயே வாய்க்குள் பாட ஆரம்பித்துவிடும். புத்தகத்தைக் கையில் விரித்துப் பிடித்திருக்கும், சில நாள் தலைகீழாக.

இனி கீர்த்தனை. இங்கேதான் கதை சிக்கலாகிறது.

வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவனாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் வளர்த்தார். இரண்டாம் சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர், பின்னால் அந்த அரண்மனையில் புலவர். குறவஞ்சி, கும்மி, கீர்த்தனை என்று தமிழில் என்ன வடிவம் புழக்கத்தில் இருந்ததோ அத்தனையையும் கிறிஸ்தவத்துக்கு எடுத்துக்கொண்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் சபைகளில் பாடுகிறோமே, அந்தப் பாதை அவர் போட்டது.

1820களில் தஞ்சாவூருக்குப் புது மிஷனரிகள் வந்தார்கள். பழைய ஆட்கள் சாதியைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள், இனி சபையில் தனி வரிசை, தனிப் பாத்திரம் கூடாது என்றார்கள். அதோடு விட்டிருந்தால் சரி. வேதாகமத் தமிழைத் திருத்தினார்கள், பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் பூ கூடாது என்றார்கள், ஆராதனையில் தமிழ்ப் பாட்டும் வேண்டாம் என்றார்கள். சாஸ்திரியார் கொதித்துப் போனார். அவர் எழுதிய எதிர்ப்பில் இந்த நாலும் சேர்ந்தே வருகின்றன, வேதாகமம், பூ, பாட்டு, சாதி. அவர் வேளாளர். சபையில் பறையரோடு ஒன்றாகக் கலந்து உட்காரச் சொன்னதும் அவருக்கு மற்ற மூன்றையும் போல ஒரு கொடுமைதான்.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். பாட்டில் சாஸ்திரியார் பக்கம்தான் நான், சந்தேகமே இல்லை. சாதியில் அந்த வெள்ளைக்காரர்கள் பக்கம், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த இரண்டையும் பிரித்து வாங்க ஒரு கடையும் இல்லை. சமத்துவம் ஐரோப்பிய மெட்டோடு வந்தது, தமிழ் இசை தனி வரிசையோடு வந்தது. கீர்த்தனைதான் நம் மண்ணின் இசை என்று மேடையில் பேசுபவர்கள் இந்தப் பகுதியை மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏன் என்று தெரிகிறது, ஆனால் சரியில்லை.

பிறகு மதுரையில் இருந்த அமெரிக்கன் மிஷனின் எட்வர்ட் வெப், வயதான சாஸ்திரியாரைத் தேடிப் போய், அவர் பாட்டுகளைப் பெரும்பங்காக வைத்து 1853-ல் ஒரு கீர்த்தனைத் தொகுப்பு அச்சிட்டார். ஒரு மிஷனரி கூட்டம் வெளியே தள்ளியதை இன்னொரு மிஷனரி உள்ளே கொண்டுவந்தார். மெதடிஸ்டுகள், மூடி, சாங்கி என்ற இரண்டு அமெரிக்கர்களின் எழுப்புதல் கூட்டங்கள், மடக்கித் தூக்கிப் போகும் சின்ன ஆர்கன், 'கோரஸ்' என்ற பழக்கம் எல்லாம் அந்த நூற்றாண்டில் அடுத்தடுத்து வந்தன. அதற்குள் இப்போது போகவில்லை. நம் கன்வென்ஷன் பாட்டுகளின் தாத்தா யார் என்று கேட்டால் அங்கே கை காட்டலாம், அவ்வளவுதான்.

என் மனைவி வீட்டார் கத்தோலிக்கர்கள், சிவாஜிநகர்க்காரர்கள். மாமாவிடம் அந்தக் காலத்து லத்தீன் பூசையைப் பற்றிக் கேட்டால், "சாமி அவர் பாட்டுக்குப் பூசை வைப்பாரு, நாங்க எங்க பாட்டுக்கு ஜெபமாலை சொல்லிட்டிருப்போம் மாப்ள" என்பார். மணி அடித்தால் முழங்கால், அவ்வளவுதான் தொடர்பு. கத்தோலிக்கத்திலும் பாட்டைச் சீர்திருத்தும் முயற்சிகள் நடந்தபடிதான் இருந்தன. 1562-ல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் கோவில் இசையில் காமக் களியாட்டத்தின் சாயல் வரக்கூடாது என்றது. 1903-ல் போப் பத்தாம் பத்திநாதர் இன்னும் விவரமாக இறங்கினார்: கிரகோரியன் பாடலே உத்தமம், பியானோ கூடாது, முரசு தாளம் கூடாது, பாடகர் குழுவில் பெண்கள் கூடாது. இத்தாலியக் கோவில்களில் அன்று நாடக மேடைப் பாட்டு புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது, அதற்கான மருந்து அது. மருந்தைக் குடித்தது உலகம் முழுக்க.

1963 டிசம்பர் 4-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு வந்ததும் எல்லாம் தலைகீழானது. மக்கள் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும், அவரவர் மொழி வரலாம், அந்தந்த நாட்டு இசைக்கு உரிய இடம் வேண்டும். இதை இந்தியாவில் செய்துபார்க்க 1967-ல் தொடங்கிய இடம்தான் குக் டவுனில் ஹட்சின்ஸ் ரோட்டில் இருக்கும் என்.பி.சி.எல்.சி. தொடங்கியவர் தமிழ்க் குரு அமலோர்பவதாஸ். தரையில் உட்கார்ந்து பூசை, குத்துவிளக்கு, ஆரத்தி, கைகூப்பி வணக்கம், பஜனை. 1969-ல் ரோம் இதில் 12 விஷயங்களுக்கு அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு உடனே வந்தது. ஒரு பக்கம், கோவிலை இந்துக் கோவில் ஆக்குகிறார்கள் என்ற பழமைவாதிகள். இன்னொரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், அவர்கள் கேட்ட கேள்விதான் கனமானது. இந்தியப் பண்பாடு என்கிறீர்கள், யாருடைய பண்பாடு? எந்தக் கோவிலுக்குள் எங்களை விடவில்லையோ அந்தக் கோவிலின் விளக்கும் ஆரத்தியும் எங்களுக்கு எப்படிச் சொந்த வீடாகும்?

அப்புறம் மொழி. தாய்மொழியில் பாடலாம் என்றதும் பெங்களூரில் அடுத்த கேள்வி தானாக எழுந்தது: யாருடைய தாய்மொழி? கண்டோன்மென்ட் பங்குகளில் தமிழர்கள் ஏராளம், ஊர் கன்னட ஊர், நடுவில் கொங்கணி, மலையாளம், ஆங்கிலம். அந்த வருடங்களில் பேராயரும் ஒரு தமிழர், லூர்துசாமி, அமலோர்பவதாஸின் அண்ணன். எந்தப் பூசை எந்த மொழியில், எந்த நேரத்தில், கோரஸ் எந்த மொழியில் என்று பல வருடம் நீண்ட சச்சரவு. தன் ஊர்க் கோவிலில் தன் மொழி ஒலிக்கவில்லை என்ற கன்னடக் கத்தோலிக்கர்களின் ஆதங்கத்தில் நியாயம் உண்டு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து செத்த தமிழர்களிடம் நீங்கள் விருந்தாளி என்பதும் கஷ்டமான பேச்சு. லத்தீன் யாருக்கும் புரியாது, அதனால் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் யாரும் அதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பாட்டு மக்கள் கைக்கு வந்தது, சண்டையும் வந்தது.

அந்த தலித் கேள்வியைப் பாட்டிலேயே கேட்டவர் தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர், 2005-ல் காலமானார். பாமாலையும் வேண்டாம், கர்நாடக சங்கீதக் கீர்த்தனையும் வேண்டாம், இரண்டும் மேலே இருந்து இறங்கி வந்தவை, நாட்டுப்புறப் பாட்டில் ஆராதனை நடத்துவோம் என்றார். அவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாட்டுப்புறப் பாட்டை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். நடவு நடுகிற பெண் ஒரு வரியைத் தூக்கிவிட்டு இன்னொன்றைப் போட்டால் அது தப்பில்லை, பாட்டு அப்படித்தான் உயிரோடு இருக்கும். புத்தகத்தில் எண் போட்டு அடைத்த பாட்டில் அது முடியாது. பறையையும் அவர் ஆராதனைக்குள் கொண்டுவந்தார்.

பறை உள்ளே வருவது என்ன பெரிய விஷயம் என்று இளைஞர்கள் கேட்பார்கள். எங்கள் தாத்தா கே.ஜி.எஃப்.பின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் அண்ணன் நன்றாகப் பறை அடிப்பார் என்று சொல்வார்கள், ஆனால் ஞானஸ்நானம் எடுத்ததும் முதலில் விட்டது அதைத்தான். சாவுக்கு அடிக்கும் மேளம், அடிமை வேலை, அதை விட்டால்தான் மனுஷன் என்று அன்றைக்குச் சொன்னார்கள், அவரும் அதை விடுதலையாகத்தான் எடுத்துக்கொண்டார். தப்பு என்று நான் எப்படிச் சொல்வது? அதே மேளத்தைப் பேரன் காலத்தில் தலை நிமிர்ந்து பீடத்துக்கு முன்னால் அடிப்பதும் விடுதலைதான். ஒரு எரிச்சல் மட்டும் எனக்குப் போகவில்லை. பறை உள்ளே வர இத்தனை தலைமுறை, இத்தனை இறையியல் தேவைப்பட்டது. ட்ரம்ஸ் செட் அமேசான் அட்டைப்பெட்டியில் வந்து நேராகப் பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது, அதன் சாதி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ட்ரம்ஸைக் கொண்டுவந்தது பெந்தெகொஸ்தே அலை. 1905-ல் பண்டித ரமாபாயின் முக்தி மிஷன், 1906-ல் லாஸ் ஏஞ்சலீஸின் அசூசா தெரு என்று தொடங்கிய எழுப்புதல், தமிழுக்கு வந்தபோது பாட்டு சின்னதானது, கைதட்டல் வந்தது, புத்தகம் கீழே இறங்கியது. சாரா நவரோஜி மாதிரி ஒரு பெண் தானே எழுதி, மெட்டமைத்து, மேடையில் நின்று பாடினார். கத்தோலிக்கக் குருவாக இருந்து இந்தப் பக்கம் வந்த பெர்க்மான்ஸின் பாட்டுகள், நாங்கள் பெந்தெகொஸ்தே இல்லை என்று அடித்துச் சொல்லும் சபைகளிலும் காணிக்கை நேரத்தில் ஓடுகின்றன. ஆயா மாதிரிப் படிப்பில்லாதவர்களுக்கு இந்தப் பாட்டுகள் பாமாலையை விட எளிதாக வாயில் வந்தன. கால்வின் செய்ய நினைத்தது இதுதானே என்று தோன்றும்.

ஆனால் இப்போது எங்கள் ஊரில் நடப்பது வேறு. மேடையில் ஏழெட்டுப் பேர், காதில் மானிட்டர், கீழே ஸ்பீக்கர் அலறுகிறது. பாடுபவர்கள் நன்றாகவே பாடுகிறார்கள், பயிற்சி எடுத்தவர்கள். சபை திரையைப் பார்த்து நின்று கேட்கிறது, பக்கத்தில் நிற்பவர் பாடுகிறாரா இல்லையா என்று கூடத் தெரியாது. 1500-ல் ஐரோப்பாவில் இருந்த ஏற்பாடு கிட்டத்தட்ட அப்படியே, லத்தீன் மட்டும் இல்லை. ஆகவே அந்த வாட்ஸ்அப் சண்டையில் எனக்கு ட்ரம்ஸ் மேல் கோபம் இல்லை. என் கோபம் சவுண்ட் மிக்சரில் உட்கார்ந்திருக்கும் கை மேலும், கிளிக் டிராக் மேலும்தான். கிளிக் டிராக் என்றால் காதுக்குள் டக் டக் என்று ஓடும் தாளம், அதோடு லேப்டாப்பில் முன்னமே பதிந்து வைத்த வயலினும் தபேலாவும் ஓடும், வாசிப்பவர்கள் அதை விட்டு ஒரு அடி நகர முடியாது. போன மாதம் ஒரு கீர்த்தனையில் மூன்றாவது சரணம் முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் பழக்கத்தில் நாலாவதை எடுத்துவிட்டார்கள், பாண்டு நின்றுவிட்டது, இரண்டு வரி தள்ளாடி அவர்களும் நின்றுவிட்டார்கள். ஆராதனை முடிந்து கீபோர்டு தம்பியிடம் கேட்டேன், ஏம்ப்பா, கூடவே போயிருக்கலாமே என்று. நல்ல பையன், மரியாதையாகத்தான் பதில் சொன்னான்.

"எப்படி அங்கிள் போறது, டிராக்ல மூணு சரணம்தான் போட்டிருக்கு."